இருக்கிறதா என்று மட்டும் கேட்டவன்

என் அன்பு மாப்ளே அமல்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் படத்தை நம் அலுவலகத்தில் பிரிண்டருக்கு மேலே மாட்டினார்கள். நாற்பதாம் நாள் வரை மாலை இருந்தது. பிறகு அந்த இடத்துக்குப் புது ஏசி வந்ததால் உன்னை அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். குறை சொல்லவில்லை, அலமாரியில் தூசி குறைவு.

ஆனால் போன மாதத்திலிருந்து உன் மதிப்பு ஏறியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு கூட்டத்துக்கும் உன்னைக் கூப்பிடாதவர்கள், இப்போது எல்லாக் கூட்டத்திலும் உன் பெயரைச் சொல்கிறார்கள். கண்டெய்னர் யார்டில் ஒரு விபத்து. அதற்குக் காரணம் நீ என்று முடிவாகியிருக்கிறது. மறுத்துப் பேசாத ஊழியரை எந்த நிர்வாகத்துக்குத்தான் பிடிக்காது?

நடந்ததைச் சொல்கிறேன். முந்திரிக்கொட்டை வந்த கண்டெய்னர் ஒன்றை லோடுமேன் இசக்கி திறந்தான். பூச்சி கொல்ல உள்ளே அடித்த வாயு அப்படியே இருந்திருக்கிறது. இரண்டடி வைத்தான், விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். பார்க்கப் போனேன். "ஸ்கிரீன்ல பச்சை காட்டுச்சு அண்ணாச்சி, தொறந்தேன்" என்றான். "மெசினு பொய் சொல்லுமா? நம்ம பயலுவதான சொல்லுவானுவ." சிரிக்கப் பார்த்து இருமினான்.

அந்தப் பச்சையைக் காட்டும் நிரல் நீ எழுதியது. வாயுவின் அளவை மீட்டரில் பார்த்து எழுதினால்தான் பச்சை வரும் என்பது அதன் ஒரே பெருமை. "செத்தவரு எழுதுனதுதான? அளவச் சரிபாக்குற வரிய எழுத மறந்திருப்பாரு. பாத்துட்டு ரெண்டு வரி எழுதித் தாங்க சூசை" என்றார் மேனேஜர், நிரலை இப்போது பார்த்துக்கொள்ளும் என்னிடம். நான் பார்ப்பதற்கு முன்பே அந்த இரண்டு வரியையும் அவரே சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் பார்த்தேன். நம் அலுவலகத்தில் விசாரணை அந்த வரிசையில்தான் நடக்கும்.

எப்படிப் பார்த்தாய் என்று நீ கேட்பாய். பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு கண்டெய்னரையும், அதன் விவரமெல்லாம் தனக்குள் வைத்திருக்கும் ஒரு ஆப்ஜெக்டாகச் செய்திருந்தாய் அல்லவா? இசக்கி திறந்த பெட்டியின் ஆப்ஜெக்டை எடுத்து, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அதையே கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத சாட்சி. பெட்டி எண், சீல் எண், எடை, சரக்கு, வந்த நாள் என்று ஒப்பித்தது. வாயு அளவு என்ற பண்பும் பட்டியலில் இருந்தது. அது தன்னிடம் இருக்கிறதா என்று தனியாகவும் கேட்டேன். ஆம் என்றது. சரி, அதன் மதிப்பு என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றது. பூஜ்யம்கூட இல்லை, மாப்ளே. பூஜ்யம் என்றால் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது யாருமே எழுதாத வெற்றிடம்.

பிறக்கும்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த வெற்றிடத்தை நீ கொடுத்திருந்தாய், யாராவது நிரப்புவார்கள் என்று நம்பி. நிரப்பாத பெட்டிக்குப் பச்சை எப்படி வந்தது? நிரலில் அந்த வரியைத் தேடிப் போனேன். மதிப்பு என்ன என்று அது கேட்கவில்லை. அப்படி ஒரு பண்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. எல்லாப் பெட்டியிலும்தான் இருக்கிறதே! எல்லாப் பெட்டிக்கும் பச்சை.

அந்த வரியை மாற்றியது யார் என்று தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான்தான்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. இருந்த ஒரே மீட்டர் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. "வண்டி நிக்கி, வண்டி நிக்கி" என்று மேனேஜர் போன் மேல் போன். பரிசோதனையை எடுத்துவிட என் மனச்சாட்சி சம்மதிக்கவில்லை. அதனால் பரிசோதனை மாதிரித் தெரிகிற ஒன்றை வைத்தேன். மனச்சாட்சிக்குப் பைத்தான் தெரியாது, ஒப்புக்கொண்டது.

மாலையில் உன் கட்டிலருகே வந்து அதை ஒரு சாமர்த்தியம்போலச் சொன்னேன். ஆக்சிஜன் மாஸ்க்கைத் தள்ளிவிட்டுத் திட்டினாய். "ஏலே மச்சான், இருக்கான்னு கேட்டா எல்லாம் இருக்குன்னுதாம்ல சொல்லும். என்ன இருக்குன்னு கேளு. உடனே மாத்து." மாத்துதேன் என்றேன். மூன்றாம் நாள் உன் அடக்கம். அப்புறம் மீட்டர் சரியாகி வந்தது. அளக்காமலே பச்சை வரும்போது அதை யார் கையில் எடுப்பார்கள்? மாற்ற வேண்டும் என்று எனக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது, போனது.

நான் கையெழுத்திட்ட அந்த அறிக்கையின் நகலை, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஒரு முகப்புக் கடிதம் வைத்து, உன் ஜெனிட்டாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அனுதாபமும் குற்றச்சாட்டும் ஒரே உறையில். தபால் செலவு மிச்சம். என் தங்கை அதை எடுத்துக்கொண்டு தருவைகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"அண்ணே, அவரு மறந்துட்டாருன்னு போட்டிருக்கு. சிலிண்டரை மூடுனியான்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்த மனுசன். அவரா மறப்பாரு?"

"ஏளா, முதல்ல உக்காரு."

"உக்கார வரல. கீழ உன் கையெழுத்து இருக்கே. நெசமாவே பாத்துட்டுத்தான் போட்டியா?"

தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அவள் கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆப்ஜெக்டை மறுபடி திறந்தேன். பட்டியலின் தலையில் அடிக்கோடுகளோடு வரும் பண்புகளை யாரும் படிப்பதில்லை. நானும் தாண்டித்தான் போயிருந்தேன். அதில் ஒன்று, எழுதியவன் விட்டுச்செல்லும் விளக்கக் குறிப்பு. நம் ஆட்கள் காலியாகவே விடுவார்கள். நீ தமிழில் எழுதியிருந்தாய்: "இந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் போவான். அளவு எழுதாதவரை பச்சை காட்டாதே." மறந்தவன் எழுதுகிற குறிப்பா இது?

விபத்துக்குப் பின் யார்டில் நடந்த ஒரே மாற்றம், வாசலில் 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு பலகை. அந்த வரி அப்படியே இருந்தது. இன்று காலை மாற்றிவிட்டேன். அளக்காத பெட்டிக்கெல்லாம் இப்போது சிவப்பு. மேனேஜர் நான்கு முறை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறார். ஜெனிட்டாவையும் இசக்கியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால் உன் குறிப்பை வாசிப்பேன். வரியை மாற்றியவன் பெயரையும் நானே வாசிப்பேன். வேலை போகும், வழக்கும் வரலாம். இசக்கியின் மூச்சை என்னால் திருப்பித் தர முடியாது. உன் பெயரையாவது ஜெனிட்டாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்மேல் பழி எழுதிய கையால் இதையும் எழுதும்,
உன் மச்சான்
சூசை