கிரைண்டர் ஓடும் வரை ஒரு படம்

பெரியநாயக்கன்பாளையம்
22.4.2025

அடியே ஜாஹிதா,

நேற்று மதியம் தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் இருந்த நாங்கள் அவரவர் செய்த தப்பை நினைத்துக்கொண்டே வெளியே வந்தோம். என் வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்றார். எங்கள் பையன் பவன், பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று நினைத்து முகம் வெளுத்தான். பிரித்தால் நீ. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து எழுதி, என்னைவிட அதிக மார்க் வாங்கிய அதே கையெழுத்து.

நீ எழுதியதைப் படித்துச் சிரித்ததில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. ஃபஹீமா போர்வைக்குள் புகுந்து போனில் வீடியோ பார்ப்பதைப் பிடித்தாய், சரி. போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாய், அதுவும் சரி. "அப்ப நீங்க மட்டும் பாக்கலாமுங்களாம்மா?" என்று அவள் கேட்டதும் வீராப்பாக உன் போனையும் உள்ளே வைத்துப் பூட்டினாயே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் வரை இப்படித்தான் என்று சபதம் வேறு. அதனால்தான் இந்தக் காலத்தில் தபால்தலை வாங்க என்னை அலைய விட்டிருக்கிறாய்.

ஆனால் கடைசிப் பத்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் உன்னிடம் பேசுவதே இல்லை என்கிறாய். டியூஷனுக்குக் கிளம்பும்போது ஒரு "போயிட்டு வாரேன்" கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடுகிறாள் என்கிறாய். அவள் அப்பா, ரசாக் அண்ணன், ஷார்ஜாவில். வீட்டில் நீங்கள் இரண்டே பேர், அதிலும் ஒருத்தி ஊமை என்றால் எப்படி?

இரு, சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். உனக்குத் தெரியாது, நான் இப்போது பெரிய மனுஷி. எங்கள் காலனி ஹாலில் லீவு முடியும் வரை சனிக்கிழமைதோறும் பெரிய பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். பன்னிரண்டு வயதுக்கு மேல், மீசை முளைக்கிற கூட்டம். எந்தப் படம் போடலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அம்மாக்கள் எல்லோரும் கூடி என் தலையில் கட்டிவிட்டார்கள். காரணம் என் ஞானம் இல்லை, அன்றைக்குக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

என் வேலை முறையைக் கேள். மாவு ஆட்டும்போதுதான் படம் பார்ப்பேன். கிரைண்டரில் கல் சுற்றத் தொடங்கினால் படமும் தொடங்கும். சத்தத்தில் வசனம் கேட்காது, அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்வேன். உளுந்துக்கு ஒரு படம், அரிசிக்கு ஒரு படம் என்று ஒரே காலையில் இரண்டை முடித்து, ஆகும், ஆகாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவேன்.

ஆகவே தோழியே, உன் வீட்டு டி.வி.யைப் பீரோவில் பூட்ட முடியாது அல்லவா? அதில் ஒரு நல்ல படம் போடு. அவள் பக்கத்தில் உட்கார். வாயை மட்டும் பூட்டிக்கொள்.

உன்,
வரலட்சுமி


கிணத்துக்கடவு
27.4.2025

அன்பு வரலட்சுமிக்கு,

நலம். உன் நலம் பற்றிக் கேட்கவில்லை, அது கொழுத்துக் கிடப்பது எழுத்திலேயே தெரிகிறது.

நீ சொன்னபடி செய்தேன். படத்தை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். வளரும் பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் படம் என்று போட்டிருந்தது. எனக்கு அதுதானே வேண்டும்? ஒரு பையன் போனும் கையுமாக அலைகிறான், மார்க் குறைகிறது, அம்மாவுக்கு நெஞ்சுவலி வருகிறது, பையன் போனைக் கிணற்றில் போடுகிறான், அம்மா எழுந்து உட்காருகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சுவலி வந்த இடத்தில் ஃபஹீமாவை ஒரு பார்வையும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த பூனையிடம் சொன்னாள். "இது படமில்லடி. பிரேயர்ல ஹெட்மாஸ்டர் பேசுவாரே, அது." பூனையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அது நான் பால் ஊற்றி வளர்க்கும் பூனை. அதுவும் திரும்பிப் பார்க்காமல் போனது.

வரலு, கிண்டலெல்லாம் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அவள் தட்டில் சாதம் போட்டுவிட்டுப் போதுமா என்று கேட்டேன். கையைக் குறுக்கே நீட்டினாள். அவ்வளவுதான். இன்னும் மூன்று வருஷத்தில் எங்காவது காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விடுவாள். இந்தக் கை நீட்டலோடு போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ரசாக் என் கொழுந்தன் வீட்டு போனுக்குக் கூப்பிடும்போது அவரிடம் மட்டும் நன்றாகப் பேசுகிறாள். "அத்தா, அத்தா" என்று இழைகிறாள். அதைக் கேட்க நான் அந்த வீட்டுச் சமையலறையில் நின்று அவர்கள் வெங்காயத்தை உரித்துக்கொடுக்கிறேன். நல்ல படமாக ஒன்று சொல். உன் உளுந்து மேல் ஆணையாக.

ஜாஹிதா


பெரியநாயக்கன்பாளையம்
30.4.2025

ஜாஹி,

பூனை கட்சி மாறியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டது புரை ஏறிவிட்டது.

உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் முதல் சனிக்கிழமைக் கதை கேள். கரடி ஒன்று டான்ஸ் ஆடும் கார்ட்டூன் போட்டேன். பல் முளைக்கிற வயதுக்கானதை மீசை முளைக்கிறவர்களுக்குப் போட்டுவிட்டேன். ஒவ்வொருவனாகத் தண்ணீர் குடிக்கப் போனான். காலனியில் அவ்வளவு தாகத்தை நான் கண்டதில்லை. கடைசியில் ஹாலில் நானும் கரடியும் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பவன், "நீங்க எங்களைச் சின்னப் பசங்கன்னு நினைச்சாக் கூடப் பரவாயில்லீங்கம்மா, முட்டாப் பசங்கன்னு நினைக்கறீங்க" என்றான். அன்றிலிருந்து அவர்களுக்குக் கொஞ்சம் எட்டாத உயரத்தில் இருக்கிற படமாகப் பார்த்துப் போடுகிறேன். எது சரி எது தப்பு என்று படம் சொல்லக் கூடாது, பிள்ளைகள் சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் அப்படி ஒன்று போட்டு, முடிந்த பிறகு ஹாலைப் பூட்ட விடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வந்து அடிதடியா என்று கேட்டார். எனக்கு ஏற்பட்ட பெருமையில் அவருக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்தேன்.

உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எந்த நாட்டுப் படமோ, எல்லோரும் வீட்டுக்குள்ளும் கோட் போட்டிருக்கிறார்கள். ஏரிக்கரையில் ஒரு வீடு. ஒரு அம்மா, ஒரு பெண். பெண்ணுக்கு நீச்சல் என்றால் உயிர், அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அவளுக்குத் தெரியாமல் பெண் விடிகாலையில் போய் நீந்துகிறாள். அந்தத் தண்ணீர் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் உளுந்து பொங்கி வழிந்துவிட்டது, அவ்வளவு அழகு.

ஒரே ஒரு நிபந்தனை. பார்த்த பிறகு, "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டாயோ, நான் அடுத்த பஸ்ஸில் வந்து உன் பூனையை நிரந்தரமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

வரலு


கிணத்துக்கடவு
5.5.2025

வரலு, என் கண்ணு,

பேசிவிட்டாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பேசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் படத்தைப் போட்டேன். முதலில் கதவோரம் நின்றாள். பிறகு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். ஏரி வந்ததும் கீழே இறங்கித் தரையில் என் கால் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. அந்த அம்மா பெண்ணின் ஈரத் துணியைக் கண்டுபிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டும் இடம் வந்தது. சரியாக அந்த நேரத்தில் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு. படத்தை நிறுத்தினேன். திரையில் அந்த அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேரும் தொழுதுவிட்டு வந்தோம். நான் ரிமோட்டை எடுத்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "யாரு?" என்றேன்.

"அந்த அம்மாதான். எதுக்குப் போறே, என்ன பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காமயே பூட்டிப்போட்டாங்க."

அந்தப் பெண் அம்மாவுக்குத் தெரியாமல் போனது மட்டும் சரியா என்று நான் கேட்டேன். உன் நிபந்தனை மறந்து போய்விட்டது. பிடித்துக்கொண்டது சண்டை. இரவுச் சாப்பாடு வரை ஏரிக்கரை அம்மாவுக்கு நான் வக்கீல், பெண்ணுக்கு அவள் வக்கீல். தோசை தீய்ந்தது. தீய்ந்த தோசையையும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே தின்றோம். கடைசியில் தட்டைக் கழுவும்போது முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "நீங்களும் கேக்கவே இல்லை, போர்வைக்குள்ள நான் என்ன பாத்தேன்னு."

வரலு, உண்மைதான். பிடுங்கினேனே தவிர, திரையில் என்ன ஓடியது என்று நான் பார்க்கவே இல்லை.

மீதிப் படத்தை உடனே போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் என்ன செய்வாள் என்று ஒரு வாரம் யோசிக்க வேண்டுமாம். அடுத்த வெள்ளி அதே நேரத்துக்கு வைத்திருக்கிறோம். நீ வேண்டுமென்றேதான் இந்தப் படத்தைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

டியூஷனுக்கு மட்டும் இன்னும் சொல்லாமல்தான் போகிறாள். அது பழக்கமாகிவிட்டதோ என்னவோ.

ஜாஹிதா


பெரியநாயக்கன்பாளையம்
8.5.2025
(கூரியர், அவசரம்)

ஜாஹி,

இரண்டாம் பாதியைப் போடாதே. முதலில் டி.வி.யின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மேலே படி.

உன் கடிதத்தில் பெட்டி, சாவி என்றெல்லாம் எழுதியிருந்தாய். எந்தப் பெட்டி, எந்தச் சாவி என்று திகைத்தேன். எனக்குத் தெரிந்த வரை பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள், அம்மா வீட்டில் தூங்குகிறாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. உளுந்து பொங்கியதும் நான் கிரைண்டரை நிறுத்தினேன், படத்தையும் நிறுத்தினேன். அதோடு தீர்ப்பு எழுதிவிட்டேன். காலனிப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன எல்லாப் படமும் இந்த லட்சணம்தான்.

இன்று மதியம் கிரைண்டர் இல்லாமல் முழுதாகப் பார்த்தேன். ஜாஹி, அந்தப் பெண் போய்விடுகிறாள். நீச்சல் கற்றுக்கொள்ள யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிடுகிறாள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு தினம் விடிகாலையில் ஏரிக்கரையில் வந்து நிற்கிறாள். தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. படம் முடிந்துவிட்டது. திரும்பி வருவாளா மாட்டாளா என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஒரு பாடு அழுது முடித்தபோது என் வீட்டுக்காரர் வந்து யார் செத்தது என்று கேட்டார்.

இப்போதுதான் வாய் திறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு வழியை நானே காட்டிக் கொடுத்துவிட்டேனே. உன் கொழுந்தன் நம்பரைக் கேட்டு ரசாக் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை வந்தது. நம்பர் வரவில்லை. ஷார்ஜாவில் அவருக்கு என்ன புரிந்ததோ. நாளைக் காலையில் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார். கிடைத்ததும் வேறு ஏதாவது போடு. கரடி டான்ஸ் ஆனாலும் சரி.

என்னைத் திட்டு. ஆனால் போடாதே.

வரலு


கிணத்துக்கடவு
12.5.2025

அன்புள்ள அரைப்படம் வரலட்சுமிக்கு,

உன் அவசரக் கூரியர் சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. நாங்கள் மீதியைப் பார்த்தது வெள்ளிக்கிழமை.

முடிந்த பிறகு நான் விளக்கைப் போடவில்லை. அந்த அம்மா துண்டோடு நின்ற மாதிரியே நானும் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையும் ஃபஹீமா அந்தப் பெண்ணின் கட்சிக்காக வாதாடுவாள் என்று காத்திருந்தேன். பூனைதான் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. அப்புறம் ஃபஹீமா என் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "லூசு. சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல" என்றாள். பெண்ணைத்தான் சொன்னாள். நான் "அந்த அம்மாவும் கேட்டிருக்கலாம்" என்றேன். இரண்டு வக்கீல்களும் கட்சி மாறியாகிவிட்டது.

மறுநாள் உன் கடிதத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். டி.வி. ஒயர் வந்த இடத்தில் தரையில் உருண்டு சிரித்தாள். வரலட்சுமி அத்தைக்கு இனிமேல் மாவை அவளே ஆட்டித் தருவாளாம், நீ படத்தை முழுதாகப் பார்த்தால் போதுமாம். கரடியையும் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை இரண்டு பேரும் உங்கள் காலனிக்கு வருகிறோம்.

பீரோவைத் திறந்துவிட்டேன். போனைக் கையில் கொடுத்து, "என்னத்தைப் பாத்தே, காட்டு" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். நான் என்னென்னவோ நினைத்து நடுங்கினேனே, அது என்ன தெரியுமா? எங்கேயோ ஒருத்தர் அழுக்குக் கம்பளங்களைத் துவைக்கிறார். பேச்சே இல்லை. நுரை போட்டுத் தேய்க்கிறார், கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, அடியிலிருந்து சிவப்புப் பூக்கள் வெளியே வருகின்றன. பரீட்சைக்குப் பயந்துபோய்த் தூக்கம் வராத இரவுகளில் இதைப் பார்த்தால் மனசு அடங்குமாம். பரீட்சைக்குப் பயப்படுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உட்கார்ந்து பார்த்தோம். ஒன்று முடிந்ததும் "இன்னொண்ணு போடு" என்று சொன்னது நான்தான்.

இன்று திங்கள். காலையில் டியூஷனுக்குக் கிளம்பினாள். நான் சமையலறையில் இருந்தேன். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்தானே என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட் சாத்தும் சத்தம் மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கை கேட்டில், ஒரு கை பையில், தெருவைப் பார்த்தபடி நின்றாள். ஏதோ மறந்தவள் மாதிரி திரும்பி, என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேனுங்கம்மா" என்றாள்.

உன்,
ஜாஹிதா