அந்தரத்தில் நின்ற தூண்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பவ வருடம், ஐப்பசி மாதம்

செல்வ மகள் தனலெட்சுமிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் நலம், வீட்டுக்குத்தான் காலில் கொஞ்சம் நோவு, அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். பினாங்கில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளை இராமலிங்கமும் சம்பந்தியம்மாளும் நலம் என்று உன் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தோம். அதே கடிதத்தில், மழைக்காலத்தில் மண் சரிகிற மேட்டு வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு உன்னை அனுப்ப யோசனையாய் இருக்கிறது என்று சம்பந்தியம்மாள் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் அம்மா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. மழையை நான்தான் ஆள் அனுப்பி வரவழைத்தேன் என்பது போல் பார்க்கிறாள். ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், நீயே சம்பந்தியம்மாளுக்குப் படித்துக் காட்டு, என் மானம் போகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படி.

நீ வந்து தங்கப் போகிற பின்னறை ஒழுகக் கூடாதென்று அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டேன். இப்போது கூரை ஒழுகவில்லை, தரை ஒழுகுகிறது. அத்தாப்பில் மெள்ளச் சொட்டிய தண்ணீர் தகரத்தில் மொத்தமாய் ஓடி வந்து ஒரே இடத்தில் விழுகிறது, சில நாளிலேயே தாழ்வாரத்தடியில் பானை புதைக்கிற அளவுக்குப் பள்ளம். சரி, தண்ணீர் போக வழி வெட்டுவோம் என்று மண்வெட்டி எடுத்தேன். ரயில் பாதையில் மண்டோர் வேலை பார்த்து ஆட்களை மேய்க்கிறவனுக்கு ஒரு வாய்க்கால் வெட்டத் தெரியாதா என்ற திமிர். மேட்டின் உச்சியிலிருந்து அடி வரை நூல் பிடித்து, தண்டவாளம் மாதிரி நேராக வெட்டினேன். பார்க்க அழகாய்த்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மழை பிடித்தது, தண்ணீர் அந்த வழியில் மெயில் வண்டி போல இறங்கியது. நான் முழங்கால் ஆழம் வெட்டியதை அதுவே இடுப்பாழம் ஆக்கிக்கொண்டது. மறுநாள் நம் சிவப்புக் கோழி அதற்குள் விழுந்தது, அதை எடுக்க இறங்கி நானும் விழுந்தேன். கோழிக்கு ஒன்றும் இல்லை.

போன மண்ணெல்லாம் கீழ் வீட்டு ரெங்கசாமியின் வேலிக்குள் போய்ப் படிந்திருக்கிறது. அவன் வாழை ஒவ்வொன்றும் யானைக்கால் மொத்தம். போன வெள்ளிக்கிழமை ஒரு தாரைத் தோளில் சுமந்துவந்து இறக்கி, உங்க மண்ணு, எங்க வாழ, பாதிப் பாதி வச்சுக்கலாம் அண்ணே என்றான். பழம் நன்றாக வேறு இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். வந்தவன் சும்மா போனானா, ஏண்ணே, ரயிலு மேட்டுக்கெல்லாம் ஆள விட்டுப் புல்லுப் பதிக்கிறீங்க, சொந்த வீட்டு மேட்ட மட்டும் மொட்டையடிச்சு வச்சிருக்கீங்களே, ஏதாச்சும் வேண்டுதலா என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கரையில் புல் பதியுங்கடா என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான், அந்த யோசனை ஸ்டேஷன் கேட்டைத் தாண்டி வீடு வரை வந்ததே இல்லை.

உன் அம்மா வாசலை எப்படி வைத்திருப்பாள் என்று உனக்குத் தெரியும். விடிந்ததும் பெருக்கி, சாணம் தெளித்து, நகக்கண் அளவு தலைகாட்டுகிற புல்லையும் பிடுங்கி எறிந்த பிறகுதான் அடுப்பு. பெருக்கப் பெருக்க மண் பொடியாகிறது, பொடியானதை மழை அள்ளிக்கொண்டு போகிறது. புல் வைப்போமா வள்ளியம்மா என்று மெதுவாகக் கேட்டேன். புல்லு மொளச்ச வாசல் ஆளில்லாத வீட்டு வாசல், புள்ள பெற வர்ற மகள அதுலயா நடந்து வரச் சொல்றீங்க, பாம்பு வந்தா நீங்களா பிடிப்பீங்க என்று பிடித்துக்கொண்டாள். பாம்பு விஷயத்தில் என் வீரம் அவளுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு பெருமழை. மறுநாள் காலை பின்னறைப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தவளின் துடைப்பச் சத்தம் சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தால், அறையைத் தாங்குகிற மூலைத் தூணுக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்த துடைப்பம் அந்தப் பக்கம் வெளியே வந்திருக்கிறது. தூண் அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு நேர் மேலேதான் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கூடையோடு இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கூடை நிறைய அருகம்புல், வேரும் மண்ணுமாக. இது பிள்ளையாருக்கு வைக்கிறது, இதப் புல்லுன்னு யாரும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் எங்கே சொன்னேன்.

அன்றிலிருந்து ஓயாத வேலை. தூணடியில் செங்கல் அடுக்கிச் சாந்து வைத்து இறுக்கியாயிற்று. தகரத்துத் தண்ணீரை மூங்கிலைப் பிளந்து கட்டிப் பீப்பாய்க்குத் திருப்பியிருக்கிறேன். என் நேர் வாய்க்காலைத் தூர்த்துவிட்டு, மேட்டுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து மெதுவாகப் போகும்படி வேறு வெட்டி, அடியில் கல் பரப்பியிருக்கிறேன். தூர்க்க மண்ணுக்கு எங்கே போவது, ரெங்கசாமியிடம்தான் போனேன். எடுத்துக்கங்க அண்ணே, தின்ன பழத்த மட்டும் நான் திருப்பிக் கேக்கல என்று சொல்லி அவனே கூடை கூடையாய்ச் சுமந்து ஏற்றினான், கூடைக்கு ஒரு கேலி. நேற்று மறுபடி நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு தூணடியிலேயே நின்றேன். அருகு இன்னும் சரியாக வேர் பிடிக்கவில்லை, இரண்டொரு இடத்தில் பெயர்ந்தது, அம்மா நனைந்துகொண்டே மறுபடி பதித்தாள். ஆனால் தூண் அசையவில்லை, வாய்க்காலில் தண்ணீர் மண் கரைந்து சிவக்காமல் போயிற்று.

ஆகையால் சம்பந்தியம்மாளிடம் தைரியமாகச் சொல். சந்தேகம் இருந்தால் அவர்களும் உன்னோடு வந்து அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கட்டும். இந்த வரியைப் படிக்காதே. கார்த்திகையில் வளைகாப்பு முடிந்ததும் நான் லீவு போட்டு வந்து கூட்டிப் போகிறேன். படி ஏறி இறங்கும்போது நிதானம் வேண்டும், புளிப்பைக் குறைத்துக்கொள்.

ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழ்வாயாக. எத்தனையோ கல்யாணத்தில் அரிசி தூவிச் சொன்ன வார்த்தை, எனக்கு இந்த ஐப்பசியில்தான் விளங்கியது. மறக்கக் கூடாதது ஒன்று. படிக்கு முன்னால் ஒரு கோலம் போடுகிற இடம் மட்டும் மண் தரையாக விட்டிருக்கிறாள் உன் அம்மா, மற்றதெல்லாம் அருகு. வந்து இறங்கியதும் பழைய பழக்கத்தில் குனிந்து பிடுங்கிவிடாதே. அவளே தினமும் காலையில் கையை நீட்டிவிட்டு, உன் ஞாபகம் வந்து, மடக்கிக்கொள்கிறாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
தம்புசாமி