வரிசை மாறிய பாய்மரங்கள்

மே 11, 1987, திங்கள்

சாப்பாட்டு அறையைப் படுக்கையறை ஆக்கினேன். என் மனைவி ஹெஸ்டரால் இனி மாடி ஏற முடியாது. பக்கவாதம் அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய் ஏழு வாரம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள்.

“அவங்களுக்குப் பழகினது ஏதாவது கண்ணெதிர்ல இருக்கட்டும்” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“நான் இருக்கேனே” என்றேன்.

“வேற ஏதாவது.”

மே 12

கட்டிலுக்கு அடியில் நீளமாக ஓர் அட்டைக் குழாய். உள்ளே நான்கு படங்கள்: பழங்காலத்துப் பாய்மரப் படகுப் பந்தயம், தகட்டில் செதுக்கி அச்செடுத்தவை. பந்தயத் தகராறுகளை விசாரிக்கும் குழுவில் இருபது வருஷம் இருந்துவிட்டு அவள் விலகியபோது கிளப்பில் கொடுத்தார்கள். மாட்டலாமா என்று அன்றே கேட்டாள். “இந்த கௌஸ் ஊர்ல கக்கூஸ்ல கூடப் படகுப் படம்தான் தொங்குது. நம்ம வீடாவது தரையா இருக்கட்டும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை.

படகில் கால் வைத்ததும் வாந்தி எடுக்கிறவன் நான். ஆனால் அவளுடைய பந்தய விதிகள் மட்டும் எனக்கு மனப்பாடம். யாராவது விதி மீறினால் எதிராளி தன் படகில் சிவப்புத் துணியைக் கொடியாகக் கட்ட வேண்டும்; கட்டினால் கரையில் விசாரணை. வீட்டிலும் அதே நடைமுறை. கடைசி பிஸ்கட்டை நான் எடுத்தால் நாற்காலியில் சிவப்புக் கைக்குட்டை தொங்கும்.

மே 14

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் டோரிடமிருந்து நான்கும் வந்தன. கீழே பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது, அசிங்கம். அட்டையால் மறைத்துவிடச் சொல்லியிருந்தேன். இருண்ட படங்கள் இரண்டும் இரு ஓரத்தில், வெளிச்சமானவை நடுவில். எதிர்வீட்டு மிஸஸ் காஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “உங்களுக்கு இவ்வளவு ரசனையா!” என்றாள். அதில் பாராட்டு எவ்வளவு, அதிர்ச்சி எவ்வளவு என்று தெரியவில்லை.

மே 15

வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது — சத்தியமாக மலர்ந்தது. பிறகு இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கினாள். நிறுத்தவில்லை.

மே 19

இன்றும் தட்டினாள்.

மே 23

அவள் தம்பி கிளெமென்ட் வந்தான். தட்டுகிறதைப் பத்து நிமிஷம் பார்த்தான். என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனான்.

“மச்சான், அக்கா இப்ப அக்கா இல்ல. ரைட் ஊர்ல ஒரு பராமரிப்பு விடுதி பார்த்து வெச்சிருக்கேன்.”

“உனக்கு அவ எப்பவும் அக்கா இல்லடா, நீதிபதி. உன் படகைத் தகுதி நீக்கம் பண்ணின கோபம் இன்னும் போகல.”

“நீங்க ஜோக் அடிச்சுக்கிட்டே இருங்க. நாலாம் தேதி அக்காவைப் பரிசோதிக்க நகராட்சியில இருந்து ஒரு அம்மா வருவாங்க. அக்காவுக்கு எதுவும் புரியலைன்னு அவங்க எழுதிட்டா, அப்புறம் விடுதிதான், நம்ம கையில இல்ல.”

மிஸஸ் காஸ் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம், ஹெஸ்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று. நான் ஆணி அடித்த சத்தத்தையும் அவள் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

மே 27

முடியல. இன்னிக்கு அவ கையைப் புடிச்சு “என்னடி வேணும், சொல்லித் தொலையேன்”னு கத்திட்டேன். வாய் திறக்க முடியாதவகிட்ட. கண்ணீர் ஒரு கண்ல மட்டும் வந்துச்சு. நான், ரெஜி அட்ரில், வாராவாரம் பத்திரிகையில எழுதி இந்தத் தீவையே சிரிக்க வைக்கிற மனுஷன்! பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு தெரியல. அந்தப் படங்கள்தான் அவளைப் படுத்துதா? கழற்றிடலாமா? கழற்றினா எதைப் பார்ப்பா — என்னையா?

அவள் உள்ளே இருக்கிறாளா இல்லையா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

மே 30

துவைத்த துணியை மடிக்காமல் அவள் கட்டிலிலேயே கொட்டியிருந்தேன். டீ எடுத்துக்கொண்டு வந்தால் —

கட்டில் கம்பியில் என் சிவப்புக் காலுறை. சுற்றி, இழுத்து, ஒற்றைக் கையால் முடிந்து.

டீயைக் கொட்டிவிட்டேன்.

“யார் மேல புகார்? என் மேலயா?”

கை சுவரைக் காட்டியது. ஒவ்வொரு படமாக, இடமிருந்து வலம்.

சமையல் கத்தியால் நான்கு சட்டங்களையும் பின்பக்கமாகப் பிரித்தேன். அட்டைக்கு அடியில் அந்தப் பொடி எழுத்து. ஒன்று, புறப்பாடு. இரண்டு, மிதவையைச் சுற்றித் திரும்புதல். மூன்று, சூறைக்காற்று. நான்கு, வெற்றி. நான்கும் ஒரே பந்தயம்! நான் மாட்டியிருந்தது மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு. என் சுவரில் ஜெயித்த பிறகுதான் பந்தயமே தொடங்கியிருக்கிறது. இருபது வருஷம் நியாயம் சொன்னவளை அந்த அக்கிரமத்துக்கு எதிரே பதினைந்து நாள் படுக்க வைத்திருக்கிறேன்.

வரிசைப்படி மாட்டினேன். கட்டைவிரலில் இரண்டு முறை சுத்தியல். இரண்டாவது அடிக்குப் பாதி வாயால் சிரித்தாள்.

தட்டவில்லை.

ஜூன் 4, வியாழன்

நகராட்சி அம்மா வந்தாள். பெயர், கிழமை, பிரதமர் யார் என்று கேட்டாள். ஹெஸ்டர் பேசாமல் பார்த்தாள். கிளெமென்ட் விடுதிப் படிவத்தை எடுத்து அவள் போர்வை மேல் வைத்தான்.

ஹெஸ்டர் அதைப் படித்தாள். தலையணைக்கு அடியில் கைவிட்டாள். காலுறையை எடுத்துக் கம்பியில் போட்டாள்.

“இது என்ன?” என்றாள் நகராட்சி அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் கிளெமென்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் மேல புகார், மேடம்” என்றான். “அக்கா விசாரணையில நான் ஒருதடவைகூட ஜெயிச்சதில்ல.”

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 7

கடைசி பிஸ்கட்டை வேண்டுமென்றே எடுத்தேன். கொடி ஏறியது.