ஊசி தேடிய விரல்

வியாழன் இரவு.

நேரத்தோடு தூங்கச் சொன்ன டாக்டரம்மா மன்னிக்க வேண்டும். இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

பாப்பா பிறக்கும் முன், குழந்தைத் துணி தைக்கும் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவள் நான். தையலில் உடைந்த ஊசி முனை தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு துணியையும் மெஷினில் விட்டுப் பார்ப்போம். இப்போது பாப்பாவின் சட்டைகளிலெல்லாம் ஊசி இருப்பதாகவே தோன்றுகிறது. அவள் குளிரில் அழுதாலும் சட்டையைப் போடாமல் தையலைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

இன்று காலை இவர் எல்லாச் சட்டையையும் தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு எடுத்துப்போய் மெஷினில் விட்டுக் கொண்டுவந்தார்.

"எல்லாமே பாஸ், கண்ணு."

"அந்த மெஷினே ரிப்பேரா இருந்தா என்னங்க பண்றது?"

இவர் சிரிக்கவில்லை. "அப்ப இது துணி சமாச்சாரம் இல்ல. வா, டாக்டரப் பாத்துட்டு வந்தரலாம்."

பிரசவத்துக்குப் பின் பலருக்கும் வருகிற பதற்றம் இது, என் தப்பில்லை, பேசுவதாலும் மருந்தாலும் குணமாகும் என்றார் டாக்டரம்மா. "பால் குடுக்கறவங்களுக்கு ஏத்த மாத்திரைதாங்க, பயப்படாதீங்க." அங்கேயே அழுதுவிட்டேன். பாப்பாவை இவர்தான் வைத்திருந்தார்.

சாயங்காலம் சட்டை போடும்போது விரல் மறுபடி தையலுக்குப் போயிற்று. இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் நான் போட்டதில் பட்டன் ஓட்டை மாறிவிட்டது. கம்பெனியில் என்றால் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

பாப்பா அதிலேயே தூங்குகிறாள்.