படத்துக்குக் கீழே

தம்பிக்கு,

எல்லார் முன்னாலும் உன்னை அசிங்கப்படுத்திவிட்டேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் மரக் கம்பெனியின் கண்காட்சிக்கு நீ எங்களை அழைக்கவில்லை. குடகு மலையில் மரம் வெட்டிய வரலாற்றைத் தன் மகன் எழுதியிருக்கிறான் என்ற பெருமையில், அம்மாதான் ஈஜிபுரா வீட்டிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு அல்சூரில் நடந்த அந்தக் கண்காட்சிக்கு வந்தாள்.

யானை இழுத்த மரங்கள், ரயில் பாதைக்குப் போன கட்டைகள், பிளைவுட்டுக்காக மொட்டையான சரிவுகள் என்று சுவரெல்லாம் படங்கள். முதலாளிகள் மூன்று தலைமுறையும் பெயரோடு இருந்தார்கள். நம் வீட்டிலிருந்து நீ வாங்கிப்போன அப்பா படத்துக்குக் கீழே மட்டும் 'மகிழ்ச்சியான கூலியாள்' என்று எழுதியிருந்தாய். அந்தச் சரிவில் உருண்டு வந்த மரம் அவரை நசுக்கிக் கொன்றதை எங்கேயும் எழுதவில்லை.

அம்மா படத்தைத் தொட்டாள். "முட்டபேடி" என்று கன்னடத்தில் சொல்லி, தொடக்கூடாதென்று காவலாளி அவள் கையைத் தட்டிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருப்பா" என்றாள்.

உன் முதலாளி திரும்பி, யார் இவர்கள் என்று உன்னைக் கேட்டார். "தெரியல சார்" என்றாய்.

"அவரோட மகன்தான் சார் இவன்" என்று நான் கத்தினேன். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "என்னைத் தெரியாதுன்னான், போவட்டும். அவரு பேரு கூடவா அவனுக்கு மறந்துபோச்சு?"

முதலில் அந்தப் படத்துக்குக் கீழே அப்பாவின் பெயரை எழுது. அதன்பிறகு வீட்டுக்கு வா.

உன் அக்கா