பெரியம்மாவின் அளவு நாடா

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பியும் உன் தையல் பெரியம்மாவும் சுகம். நீ சுகமா என்பதைக் கைப்பட எழுது, போனில் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறார்கள். இருமல் விட்டதா? எனக்கு நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். நேற்று ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன், பெரியம்மா அதைத் தூக்கிப் பிடித்து, எந்த டாக்டருக்குடி இது, கூட்டிட்டு வா பாப்போம் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அடுத்த மாதம் விழா. அகதியாக வந்து சாதித்த பெண்களைப் பாராட்டுகிறார்களாம், எங்கள் தையற்கூடமும் அதில் இருக்கிறது. ஒரே மெஷினில் ஆரம்பித்தோம், இன்றைக்குப் பதினாலு பெண்கள், ஆஸ்பத்திரி முழுக்க நாங்கள் தைத்த கோட்டுதான். முகாமில் கைநாட்டு வைத்தாளே உன் வாயாடி அத்தை, அவள்தான் இப்போது ஆர்டரையெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள், வேனையும் ஓட்டுகிறாள், நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்வேன். அதுவரைக்கும் சந்தோஷம்தான். விழாக்காரப் பெண் வந்து கதை கேட்டாள், எப்போதும் சொல்வதையே சொன்னேன். பெரிய போர்டு அடித்துக் கொண்டுவந்துவிட்டாள். என் படம், கீழே ‘இரு பிள்ளைகளையும் இரு கைகளில் பிடித்தபடி எல்லையைக் கடந்த தாய்’. படித்ததும் போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

கண்ணு, நான் உன் கையை விட்டுவிட்டேன். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த அன்று எல்லை வரிசையில் ஒவ்வொரு தாயும் பிள்ளையின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு துணியால் கட்டியிருந்தாள். நான் தம்பியை மட்டும் கட்டினேன், அவனுக்கு மூன்று வயசு, நீ ஒன்பது, பெரிய பிள்ளை, பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். கூட்டம் தள்ளியதில் நழுவிவிட்டாய். நான் திரும்பி ஓடவில்லை, கேட்டை மூடிவிடுவார்கள் என்ற பயம். மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒரு தையல்காரி தன் அளவு நாடாவால் உன்னை இடுப்போடு கட்டிக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். நீ கடித்துக் கடித்து நாடாவில் பதினேழும் பதினெட்டும் அழிந்திருந்தன.

அன்றிலிருந்து உனக்குப் பெரியம்மாவாகிப்போன அவள், இத்தனை வருஷமாக யாரிடமும் இதைச் சொன்னதில்லை. போர்டைப் பார்த்துவிட்டும், படம் நல்லா வந்திருக்குடி என்றாள், அவ்வளவுதான். அந்த நாடாவை விழாவில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, நாப்பது கோட்டு கிடக்கு, சாண் போட்டு அளக்கவா என்று விரட்டிவிட்டாள். தம்பி, பழசைக் கிளறாதம்மா என்கிறான். நீயும் ஒருநாளும் கேட்டதில்லை, மறந்துவிட்டாய் என்றே இருந்தேன். ஆனால் போன் பண்ணினால் முதலில் பெரியம்மா எங்கே என்பாய், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறேனே என்று. போர்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, நீ மறக்கவே இல்லை.

உள்ளதைச் சொல்லி அவளை மேடையில் ஏற்றப் போகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நீ என்ன சொல்வாய் என்றுதான் பயம். வேண்டாம் என்றால் கடிதம் கண்டதும் சொல்லிவிடு.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்கட்டும். இருமலுக்கு டாக்டரைப் பார். போன் பண்ணும்போது முதலில் பெரியம்மாவிடமே பேசு, இனிக் கோபித்துக்கொள்ள மாட்டேன், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா