ரேடியோவில் வந்த பதில்

பாப்பாரப்பட்டி
12-9-71

என் வீட்டுக்காரருக்கு ரோசம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் நானும் பாப்பாவும் உங்கள் அம்மாவும் சுகம். நீங்கள் சுகம் என்பதை ரேடியோக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் நேயர் விருப்பத்தில் உங்கள் பெயரும் என் பெயரும் வந்தது. வேப்பிலை அரைத்த கையோடு நின்று கேட்டேன். பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, உடனே வாருங்கள் என்று மூன்று கடிதம் போட்டேனே, அதற்குப் பதில் ஒரு காதல் பாட்டா? பக்கத்து வீட்டு கோவிந்தம்மா அக்கா, "குடுத்து வெச்சவடி நீ! உங்க வூட்டுக்காரரு பெங்களூருல இருந்தே கொஞ்சறாரு பாரு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டுக் கேட்டு எழுதிய கார்டு எப்போதோ போட்டது என்பீர்கள். சரி, இருக்கட்டும். ரேடியோ நிலையத்துக்கு எழுதுகிற கைக்கு எனக்கு நாலு வரி எழுத வலிக்கிறதா?

புருஷனைப் பிரிந்து இருக்கிறாளே என்றுதான் டிரான்சிஸ்டர் வாங்கிவந்தீர்கள். அந்தப் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து உங்கள் கடிதம் நின்றுபோனது.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. இனி பயமில்லை. நேற்று செய்தி வாசிக்கும்போது பாப்பா ஓடிவந்து ரேடியோமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அப்பா பேசுது" என்றாள். அது அப்பா இல்லடி என்றேன். நம்பவில்லை. அதில் எந்த ஆம்பளைக் குரல் வந்தாலும் அவளுக்கு அப்பாதான். உங்கள் அம்மா சிரித்தார்கள். நான் உள்ளே போய் அழுதேன். அழுது முடித்து, டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் கிளம்புகிறோம். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன் என்று சொல்கிறேன். அறை சின்னது என்றால் உங்களோடு தங்கியிருக்கும் இன்னாசிராஜ் அண்ணனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரேடியோ உங்கள் அம்மாவிடமே இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பாப்பா உங்களைக் கண்டதும் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு அழுவாள். கோபப்படாதீர்கள். பொம்மை, மிட்டாய் ஒன்றும் வேண்டாம். அவள் அழுகை நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே மழை பெய்ததா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எதையாவது பேசிக்கொண்டே இருங்கள். உங்கள் குரலை நானும் கேட்டு ரொம்ப நாளாகிறது.

மாதா உங்களைக் கண்போல் காக்கட்டும்.

உங்கள்
ரோசம்மா